கொடியவனை நம்பவைப்பது எது?
காவிரிப் படுகையின் கதைகளை முன்வைத்து

கம்பன் தன் இராமகாதையைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியபோது புலவர்கள் ஒரு தடை எழுப்பியதாகச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. இராமன் கதைக்குள் இரணியனுக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. யுத்த காண்டத்தின் தொடக்கப் பகுதியில் வீடணன் அண்ணனுக்கு அறிவுரை சொல்லும் சாக்கில் ஒரு படலம் முழுக்க இரணியன் வந்து நிற்கிறான். வால்மீகியில் அப்படி ஒரு படலம் இல்லை. கம்பன் அதைப் படித்துக்காட்டியதும் எதிரே இருந்த மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஒப்புக்கொண்டார் என்று கதை முடிகிறது. தாயார் சந்நிதிக்கு அருகே அந்த அரங்கேற்ற மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

நடந்ததோ இல்லையோ, புலவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரு கதையில் கொடியவனுக்கு எவ்வளவு இடம் தரலாம்? அவன் எப்போது வெறும் பொம்மையாகிறான், எப்போது கேட்பவனின் வயிற்றைக் கலக்குகிறான்? இந்தக் கேள்விக்குக் காவிரிப் படுகையில் மட்டுமே பல நூற்றாண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. கம்பனின் தேரழுந்தூர், இரணியன் ஆண்டுதோறும் மேடையேறும் மேலட்டூர், கல்கி பிறந்த புத்தமங்கலம், மு. கருணாநிதி பிறந்த திருக்குவளை, கீழவெண்மணி எல்லாம் ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கும் ஊர்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுக்குகின்றன என்பதை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு பிரிவினை. நம்பவைப்பது வேறு, நடுங்கவைப்பது வேறு. ‘இப்படி ஒருவன் இருப்பான்’ என்று தோன்றுவது ஒன்று. ‘இவனிடம் மாட்டிக்கொண்டால் தப்ப வழியில்லை’ என்று தோன்றுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் விமர்சனத்தில் பாதிச் சண்டை நடந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

பகைவனின் பெருமை

பழைய விடை காவிய இலக்கணத்திலிருந்து வருகிறது. பகைவனின் குலம், வீரம், கல்வி ஆகியவற்றை முதலில் பாடிவிட்டு, அத்தகையவனை வென்றான் என்று தலைவனின் சிறப்பைச் சொல்வது சுவை தரும் என்று தண்டியின் காவியாதர்சம் கூறுகிறது. பத்தாம் நூற்றாண்டில் தனஞ்சயன் எழுதிய தசரூபகம் எதிர்நாயகனுக்கு இலக்கணமே வகுத்தது. பேராசை, செருக்கு, பிடிவாதம், பாவச்செயல், தீயொழுக்கம் எல்லாம் உள்ளவன். இராமனுக்கு இராவணன் போல. ஒன்று பகைவனை உயர்த்தச் சொல்கிறது, மற்றொன்று அவன் குற்றப் பட்டியலைத் தருகிறது. இரண்டையும் ஒரே உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கம்பனின் இராவணனே சான்று.

கம்பன் அவனுக்கு இசையைத் தந்தான், சிவபக்தியைத் தந்தான், கயிலையை அசைத்த தோள்களைத் தந்தான். பிறகு ஒரே ஓர் ஆசையைக் கொடுத்து அத்தனையையும் சரித்தான். அ.ச. ஞானசம்பந்தனின் ‘இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்’ தலைப்பிலேயே தன் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறது: இவன் துன்பியல் தலைவன். வ.வே.சு. ஐயர் கம்பனை மில்டனோடு ஒப்பிட்டுப் பேசியதும் இந்தத் தடத்தில்தான் வரும். மில்டனின் சாத்தானைப் பற்றி ஆங்கில உலகத்திலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. கவிஞன் தன்னை அறியாமலே பகைவன் கட்சிக்குப் போய்விட்டானா என்று அங்கேயும் கேட்டார்கள்.

இந்த விடையின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. பெருமை கூடக்கூட அச்சம் குறைகிறது. போர்க்களத்தில் எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பும் இராவணனைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை, மனம் இரங்குகிறது. முழுக் கொடியவன் வீழ்ந்தால் இரக்கமோ அச்சமோ பிறக்காது என்று அரிஸ்டாட்டில் சொன்னது துன்பியலுக்குச் சரி. ஆனால் இரக்கம் மேலோங்கிய இடத்தில் அவன் கொடியவனாக எஞ்சுகிறானா என்பது தீராத கேள்வி. பட்டிமன்ற மேடைகள் இன்னும் இதைக் கைவிடவில்லை.

மேலட்டூரில் ஓர் இரவு

ஏட்டில் படிக்கும் கொடியவனும் எதிரே நிற்கும் கொடியவனும் ஒன்றல்ல. தஞ்சைக்கு அருகே மேலட்டூரில், மே மாத வாக்கில் வரும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சந்நிதியை நோக்கிய மேடையில் பாகவத மேளா நடக்கிறது. வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம்தான் அதில் தலையானது. நாயக்கர் காலத்தில் இங்கு வந்து குடியேறிய குடும்பங்களின் மரபு அது. ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். இதே கதையைத் தமிழில் இரணிய நாடகமாக ஆடும் ஊர்களும் படுகையில் உண்டு. ஆர்சுத்திப்பட்டு அவற்றில் பெயர் பெற்றது.

மேலட்டூர் இரணியன் எப்படி வருகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். கோணங்கி ஆடிவிட்டுப் போகிறான். சிறுபிள்ளை ஒருவன் பிள்ளையார் முகமூடியோடு வந்து போகிறான். பிறகு கட்டியக்காரன் அரசனின் வரவை அறிவிக்கிறான். இரணியன் நுழைவதற்கு முன்பே அவனைப் பற்றிய பேச்சு மேடையை நிரப்பிவிடுகிறது. கிரீடமும் புஜகீர்த்தியும் மீசையுமாகப் பிரவேச தருவுக்கு அடியெடுத்து வைக்கும்போது அவன் செய்வது கொடுமை எதுவுமில்லை. தர்பார் நடத்துகிறான், அவ்வளவுதான். கொடுமை பிற்பகுதியில், வீட்டுக்குள் நடக்கிறது. லீலாவதி கணவனுக்கும் பிள்ளைக்கும் நடுவே நின்று அரற்றுகிறாள். விடியலை நெருங்கும் வேளையில் அந்தப் புலம்பலே அவையை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. கொடியவனின் அளவை அவன் உறுமலைவிட அவள் தொண்டையே துல்லியமாகக் காட்டுகிறது.

இதற்கு ஒரு விளக்கம் தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களை நான்காக வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் வெளியே இருந்து வருபவை. காட்டுக்குப் போகாதவனை விலங்கு தொடாது. கதவைத் தாழிட்டால் கள்வனுக்கு வேலையில்லை. நான்காவதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ‘இறை’ என்பதை அரசனோடு நிறுத்தவும் வேண்டியதில்லை. தந்தை, தலைவன், எசமானன் எல்லாரும் அந்தச் சொல்லில் அடங்குவார்கள். யாருடைய நிழலில் வாழ்கிறோமோ அவன்.

இரணியன் அந்த நான்காவது வகையின் முழு உருவம். அவனே அரசன், அவனே தகப்பன். பிரகலாதனால் நாட்டைவிட்டும் போக முடியாது, வீட்டைவிட்டும் போக முடியாது. இராவணனோ சீதைக்கு அந்நியன். அவளைத் தேடிவர ஒருவன் இருக்கிறான், கடலுக்கு அப்பால் ஒரு வீடு இருக்கிறது. பிரகலாதனுக்குத் தேடிவர யாருமில்லை. இருந்தவர் தூணுக்குள் இருந்தார்.

இன்னொன்று. பிள்ளையை யானைக் காலில் இடுவதும், மலையிலிருந்து உருட்டுவதும், கடலில் தள்ளுவதும் இரணியன் கையால் நடப்பதில்லை. ஏவலாட்கள் செய்கிறார்கள். அவன் சொல்கிறான், நடக்கிறது. பாம்பும் யானையும் நஞ்சும் தோற்றுப்போன பின்தான் அவனே வாளை எடுக்கிறான். அந்த நொடியில் அவன் தோற்கத் தொடங்கிவிட்டான். கொடியவன் தன் கையை நீட்டும்போது அவன் பலம் குறைகிறது என்ற நுட்பம் இந்தப் பழங்கதையில் இருக்கிறது. பின்னால் வேறோர் இடத்தில் இது தேவைப்படும்.

மேடை தரும் அச்சத்துக்கு உடம்பளவில் ஒரு பக்கமும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் போன்ற வேடங்களைக் கட்டியவர். அவருடைய வேடத்தைக் கண்டு அஞ்சி ஒரு கர்ப்பிணிக்கு ஊறு நேர்ந்ததாகவும், அதன்பின் அவர் நடிப்பை விட்டு ஆசிரியராகவே நின்றுவிட்டதாகவும் நாடக உலகில் வழங்கும் செய்தி பலர் அறிந்தது. ஆனால் முகச்சாயத்துக்கும் விழி உருட்டலுக்கும் பிறக்கும் இத்தகைய அச்சம் சீக்கிரம் பழகிவிடும். திரைப்படத்தில் பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பு அந்த வழியில்தான் போயிற்று. முதலில் திகில், பிறகு ரசனை, கடைசியில் பல குரல் கலைஞர்களின் கையிருப்பு.

தலைகீழாக்கியவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கேள்வியே மாறியது. கொடியவனை எப்படிப் படைப்பது என்பது போய், அவனைக் கொடியவன் என்று சொன்னது யார் என்ற கேள்வி வந்தது. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ 1934இல் மேடையேறியது. அதில் இரணியன் தமிழ் மன்னன். பிரகலாதன் சூழ்ச்சிக்கு இரையானவன். 1943இல் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணத்தைக் குறித்து மேடையில் வாதிட்டார். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்து 1948இல் தடைசெய்யப்பட்டது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதிதாசனின் நாடகமும் 1948இல் தடைக்குள்ளானது. கற்பனைக் கொடியவன் ஒருவனுக்காக அரசாங்கம் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது என்றால், அவன் யாரை அச்சுறுத்தினான் என்பது தனியாக யோசிக்கத் தக்கது.

இந்தத் தரப்பில் கலை நோக்கில் கூர்மையானது அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ என்பேன். இரக்கமில்லாதவன் என்ற ஒரே குற்றச்சாட்டின்பேரில் இராவணன் கூண்டில் நிறுத்தப்படுகிறான். அவன் தன்னை நல்லவன் என்று வாதிடுவதில்லை. இரக்கம் காட்டாத முனிவர்களையும் ஆசான்களையும் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டுக்கு இழுக்கிறான். அளவுகோலையே அசைக்கிறான். வாதாடத் தெரிந்த கொடியவனை மறுப்பது கடினம் என்பதைத் தமிழ் மேடை இங்கே நன்றாகக் கற்றுக்கொண்டது. 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யில் எஸ்.ஏ. நடராஜன் ஏற்ற பார்த்திபன் அதன் திரை வாரிசு. குண்டலகேசியின் கள்வன் கணவனை எடுத்துக்கொண்டு, கொள்ளையைக் கலை என்று வாதிடும் நாவை அவனுக்குக் கொடுத்தார் கருணாநிதி. எம்.ஜி.ஆர். நாயகனாக இருந்தும் அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது பார்த்திபனின் வசனம்.

குறை எங்கே? தலைகீழாக்கும்போது கொடியவன் ஒழிவதில்லை, நாற்காலி மாறுகிறது. இரணியன் வீரனானதும் சூழ்ச்சிக்காரர்கள் என்று ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குக் கம்பன் தன் இராவணனுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மனமும் கிடைக்கவில்லை. அவர்கள் நாடகம் முழுக்க ஒரே முகத்தோடு வருகிறார்கள். அரசியல் தேவைக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். படைப்பாகப் பார்த்தால் பழைய குறை இடம் மாறி அமர்ந்திருக்கிறது.

கல்வெட்டு விட்ட இடைவெளி

காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. நெல்விளையும் நாட்டின் கல்வெட்டு. நிலம் யார் கைக்குப் போயிற்று என்பதே அதற்கு முக்கியம். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார், சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார், குடவாயில் பாலசுப்ரமணியன் பின்னர் கல்வெட்டை மறுபடி ஆராய்ந்தார். வழக்கு முடிந்ததாகத் தெரியவில்லை.

அந்த இடைவெளிக்குள் 1950இல் ஒரு பெண்ணை நுழையவிட்டார் கல்கி. நந்தினி கல்வெட்டில் இல்லை. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கரிகாலன் கொலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அவள்தான். கல்கி அவளுக்குக் காரணம் கொடுத்தார்: கண்ணெதிரே கரிகாலன் வாளுக்குப் பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலை போனது. கூடவே காரணத்தைக் கலக்கியும் விட்டார். அவள் யார் மகள் என்பதைப் பற்றி நாவல் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகளைச் சொல்கிறது. கொலைக் கட்டத்திலோ விளக்கு அணைந்துவிடுகிறது, குத்தியது யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகிறது. தொடர்கதைக்காரரின் தந்திரம் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் நந்தினி எழுபது ஆண்டுகளாக மங்காமல் இருப்பதற்கு இந்தப் புகைமூட்டம் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. முழுக்க விளங்கிவிட்டவளைக் கண்டு யாரும் கவலைப்படுவதில்லை. 2022, 2023இல் வந்த திரைப்படங்கள் அவள் காயத்தை முன்னே கொண்டுவந்து துலக்கிக் காட்டின. ஐஸ்வர்யா ராய்க்குப் பரிவு கிடைத்தது. நாவலில் இருந்த நச்சு கொஞ்சம் நீர்த்துவிட்டது.

இன்றைய கதைப் பட்டறைகளில் ‘வில்லனுக்கு ஒரு பின்கதை கொடு’ என்பது மந்திரம் மாதிரி. ஷேக்ஸ்பியரின் இயாகோவைப் பற்றிக் கோல்ரிட்ஜ் எழுதியது அதற்கு நேர் எதிர். அவன் சொல்லும் காரணங்கள் எல்லாம் காரணம் தேடும் முயற்சிகளே, உள்ளே இருப்பது காரணமற்ற தீமை என்பது அவர் கணிப்பு. கல்கி இரண்டுக்கும் நடுவே நின்றார்.

கண்ணையா நாயுடு

பின்கதையின் ஆபத்து முழுசாக வெளிப்பட்ட இடம் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட, செங்கொடிச் சங்கத்தை விட மறுத்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அதைக் கருவாகக் கொண்டு எழுதப்பட்ட இந்நாவல் 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பின்னர் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்ற படமாகவும் வந்தது.

நாவலின் நிலவுடைமையாளர் கண்ணையா நாயுடு ஆண்மையற்றவர். அதை மறைக்கவே பெண்களைச் சுற்றி வைத்துக்கொள்கிறார். அந்த இரகசியம் அம்பலமாகும் என்ற பதற்றம் அவர் கொடுமையின் ஊற்றுக்கண்களில் ஒன்றாகக் காட்டப்படுகிறது. இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கூலிக்கும் நிலத்துக்கும் சாதிக்கும் நடந்த மோதலைப் படுக்கையறைக் கோளாறாகச் சுருக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மறுதரப்பு சொன்னது: நாவலாசிரியன் வர்க்கத்தை எழுத முடியாது, மனிதனைத்தான் எழுத முடியும், மனிதன் என்றால் அவனுக்கு உள்ளே ஒரு புண் இருக்கும்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. என் கணிப்பு எதிர்த்தவர்கள் பக்கம் சற்றுச் சாய்கிறது. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. கண்ணையா நாயுடு நம்பும்படியான மனிதர். அந்தக் குறை அவரை நம்பகமாக்குகிறது. அதே குறைதான் அவரைத் தனி ஆளாகவும் ஆக்கிவிடுகிறது. அவருக்கு அந்தப் பதற்றம் இல்லாதிருந்தால் தீ வைத்திருக்க மாட்டாரோ என்ற எண்ணம் வாசகருக்கு எழ இடமிருக்கிறது. அடுத்த ஊர் மிராசுதாருக்கு அப்படி ஒரு குறையும் இல்லையே, அவர் பண்ணையில் மட்டும் என்ன வாழ்ந்தது? நாற்பதுகளில் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து சங்கம் கட்டியபோது எதிர்கொண்டது சவுக்கடியையும் சாணிப்பாலையும். அவை பண்ணைக்குப் பண்ணை வழக்கமாக இருந்தவை. வழக்கத்துக்குப் பின்கதை கிடையாது. காலையில் களத்துக்கு வரும் காரியக்காரர் சவுக்கைக் கோபத்தோடு எடுத்துவர வேண்டியதில்லை; குடையை எடுத்துவருவதுபோல எடுத்துவந்தால் போதும். அந்தச் சாதாரணத்தில்தான் அச்சம் இருக்கிறது. ஹன்னா அரெண்ட் 1963இல் ஐக்மன் வழக்கைப் பற்றி எழுதியபோது சுட்டியதும் ஏறக்குறைய இதைத்தான்.

வெண்மணி வழக்கு இந்த விவாதத்தோடு விநோதமான ஒரு முடிச்சைச் சேர்க்கிறது. அமர்வு நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுவித்தது. நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், வேலையாட்கள் யாருமில்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று தீர்ப்பு கருதியது. சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். இலக்கிய மாணவனுக்கு இது அதிரவைக்கும் வாசகம். எந்தக் கொடியவன் நம்பத்தக்கவன் என்ற கேள்வி இங்கே கதைக்கு வெளியே, 44 உயிர்களின்மீது தீர்மானிக்கப்படுகிறது. இரணியன் ஆளை ஏவுவான், தானே வரமாட்டான் என்ற பழைய கதை அறிவு நீதிமன்றத்துக்குள்ளும் உட்கார்ந்திருந்ததோ என்று ஐயப்படத் தோன்றுகிறது. நம்பகம் என்பது இயற்கையாக அமைந்த ஒன்றல்ல, யார் எப்படி நடப்பார் என்று சமூகம் ஏற்கெனவே வைத்திருக்கும் சித்திரம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று கிடைப்பது அரிது.

வெண்மணியைத் தொழிலாளர் பக்கமிருந்து எழுதிய சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) வேறு வழியில் சென்றது. அங்கே கொடியவனின் மனத்துக்குள் போகும் ஆவல் குறைவு. அவன் உண்டாக்கிய வாழ்க்கையே பக்கங்களை நிரப்புகிறது. அச்சம் அதில் அதிகம். கொடியவன்தான் மங்கலாகிவிடுகிறான்.

சோற்றுக்கடனும் சில்லறை மனிதர்களும்

பெரிய கொடியவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனைச் சுமப்பவர்கள் கண்ணுக்குத் தப்புகிறார்கள். கம்பனின் கும்பகருணனுக்கு அண்ணன் செய்தது தவறு என்று தெரியும். வீடணன் வந்து அழைத்தும் போக மறுக்கிறான். வளர்த்தவனுக்காகச் சாவதே முறை என்கிறான். தமிழர்கள் இதைச் செஞ்சோற்றுக்கடன் என்று போற்றுகிறார்கள். நெல்லே கூலியாகவும் வாரமாகவும் அளக்கப்பட்ட ஒரு மண்ணில் அந்தப் போற்றுதலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. அண்டைக்குடியைத் தூணில் கட்டச் சொன்னால் கட்டும் தலையாரியும் அதே சோற்றைத்தான் தின்றான். நல்லவனின் கடமையுணர்ச்சியைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ள முடிந்த கொடியவன், நல்லவர்களே இல்லாத ஊரில் இருப்பவனைவிட ஆபத்தானவன்.

சிலப்பதிகாரத்தில் கொடியவன் என்று சுட்ட ஒரு பொற்கொல்லன் மட்டும் இருக்கிறான். பெயர்கூட இல்லை. புகாரிலிருந்து புறப்பட்ட ஒரு வாழ்வு அவனுடைய ஒரு பொய்யில் முடிகிறது. தன் களவை மறைக்க நினைத்த சாதாரண மனிதன். அவன் பொய் அரசன் காதில் விழுந்த நேரம் அதைப் பெரிதாக்கிற்று. இளங்கோவடிகள் ஊழின்மேல் பழியைப் போட்டுவிட்டதால் விமர்சகர்கள் அவனை அதிகம் கண்டுகொள்வதில்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாகேஷ் நடித்த சவடால் வைத்தி அவனுடைய தூரத்து உறவு. தனக்கென்று அதிகாரம் இல்லை. மிட்டாதாருக்கும் மகாராஜாவுக்கும் நடுவே ஆள் பிடித்துக் கொடுப்பவன். சிரிக்க வைத்துக்கொண்டே திருவாரூர் மோகனாவை விலைபேசுகிறான். கொத்தமங்கலம் சுப்பு படைத்த இந்தப் பாத்திரத்தை நகைச்சுவைப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு பெண் பார்வையாளர் அவனை எந்தப் பட்டியலில் போடுவார் என்று யாரும் முறையாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

தீராமல் நிற்பவை

இதுவரை பார்த்ததில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. காரணம் நம்பகத்தைக் கூட்டும். அச்சத்தைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. அச்சம் பெரும்பாலும் எதிரே இருப்பவரின் நிலையிலிருந்து பிறக்கிறது: அவர் எழுந்து போக முடியுமா, முடியாதா. இரணியனும் பண்ணையாரும் ஒரே கோட்டில் வருவது அதனால்தான். ஆனால் நந்தினி இந்த விதிக்குள் சரியாக அடங்குவதில்லை. அவளுடைய நிழலில் யாரும் வாழவில்லை; இருந்தும் அவள் நிற்கிறாள். பெண் கொடியவளின் அச்சம் வேறு ஊற்றிலிருந்து வருகிறதா, அல்லது அழகான பெண்ணைக் கண்டு அஞ்சும் ஆண் எழுத்தின் பழைய பழக்கமா என்பது பிரித்துப் பார்க்கப்பட வேண்டியது.

நடிகரின் பங்கும் அளக்கப்படாமல் இருக்கிறது. நவாப் ராஜமாணிக்கம் தன் பட்டத்தையே இராமதாசரைச் சிறையிட்ட நவாபின் வேடத்தால் பெற்றவர். அவர் குழுவில் சிறுவனாகச் சேர்ந்த எம்.என். நம்பியார் பல பத்தாண்டுகள் திரையில் மக்கள் வசவை வாங்கினார். வெளியே அவர் ஐயப்ப பக்தர்களின் குருசாமி. எழுதியவன் கொடுத்ததில் எவ்வளவு, புருவம் கொடுத்ததில் எவ்வளவு என்று பிரிக்க நம்மிடம் கருவி இல்லை.

மிகக் கடினமானது வேறு. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் என்று நாற்றங்காலுக்கு விதை நெல்லை ஒதுக்கி வைத்தவன், திறக்காத ஆண்டுகளில் யாரைக் கொடியவன் என்று கதை எழுதுவான்? அங்கே முகம் இல்லை. கோப்புகளும் தீர்ப்புகளும் தொலைதூர மழையளவும் இருக்கின்றன. தமிழ்த் திரைப்படம் இதற்குக் கண்ட விடை கோட்டு சூட்டு போட்ட ஒரு நிறுவன முதலாளி. அவன் ஆங்கிலம் பேசுவான், கடைசியில் அடி வாங்குவான். அவனைக் கண்டு டெல்டாவில் யாரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் நாவல்களும் இன்னும் தடுமாறுகின்றன.

மேலட்டூரில் நரசிம்மரின் முகமூடிக்குப் பூஜை உண்டு. அதை அணிபவர் விரதம் இருக்கிறார். ஆவேசம் வந்தால் நாலு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் வரும் பிள்ளையாருக்கும் முகமூடி உண்டு. இரணியனுக்கு மட்டும் அது கிடையாது. சாயம் பூசிய மனித முகத்தோடுதான் வருகிறான்.